உணவில் மறைந்துள்ள கிருமியை விரைந்து அறிதல்: கிழக்குக் கரையோரத்தின் தேவை

பெரியநீலாவணை முதல் பொத்துவில் வரை நீண்டு கிடக்கும் அம்பாறைக் கரையோரத்தில் கூடி உண்பது என்பது பசி தீர்க்கும் காரியம் மட்டுமன்று. கந்தூரியும் வலீமாவும், நோன்பு கால இப்தாரும், ஆலயங்களின் அன்னதானமும் இம்மண்ணின் முஸ்லிம், தமிழ் மக்களது சமூக வாழ்வின் அடித்தளங்களாக விளங்கி வருகின்றன. ஒரே கிடாரத்தில் சமைத்ததைப் பல நூறு பேர் பகிர்ந்து உண்பது உறவின் அடையாளம். ஆனால் அதே காரணத்தினால், கிடாரத்தில் நேரும் ஒரு தவறு ஒரு வீட்டோடு நின்று விடுவதில்லை. ஓர் ஊரையே அது வைத்தியசாலைக்கு அனுப்பி விடுகின்றது.

2017 ஏப்ரலில் இறக்காமம் வாங்காமம் பகுதியில் நடைபெற்ற கந்தூரியொன்றின் உணவை உட்கொண்ட நூற்றுக்கணக்கானோர் வயிற்றோட்டத்துடனும் வாந்தியுடனும் அயல் வைத்தியசாலைகளில் அனுமதிக்கப்பட்டதையும், உயிரிழப்புகள் நேர்ந்ததையும் இப்பிராந்திய மக்கள் மறந்திருக்க முடியாது. அத்தகைய வேளையில் எல்லோர் மனதிலும் எழும் கேள்வி ஒன்றே: உணவில் என்ன இருந்தது? இக்கேள்விக்கான விடை பல நாட்கள் கழித்தே கிடைக்கின்றது. அந்த இடைவெளியைக் குறைக்கும் வழிகளை விஞ்ஞானம் இன்று தந்துள்ளது. அவை எவை, அவற்றால் இயல்வது எது, இயலாதது எது என்பதை எமது வாசகர்கள் அறிந்திருப்பது அவசியமென நாம் கருதுகின்றோம்.

உலக சுகாதார ஸ்தாபனம் 2015 இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, மாசடைந்த உணவினால் ஆண்டுதோறும் 60 கோடிப் பேர் நோயுறுகின்றனர். 4 இலட்சத்து 20 ஆயிரம் பேர் மரணிக்கின்றனர். இவர்களில் 1 இலட்சத்து 25 ஆயிரம் பேர் 5 வயதிற்குட்பட்ட குழந்தைகளாவர். இலங்கையில் உணவு நஞ்சாதல் என்பது அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின் பட்டியலில் உள்ளது. தொற்றுநோயியல் பிரிவின் வாராந்த அறிக்கையில் கல்முனை ஒரு தனிப் பிராந்தியமாகவே காட்டப்படுகின்றது. ஆனால் நோயை அறிவிப்பது ஒன்று. நோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டறிவது வேறொன்று.

கிருமிகளும் அவற்றின் நேரமும்

உணவை நஞ்சாக்கும் பக்றீரியாக்கள் பலவாயினும், கூட்டுச் சமையலில் அடிக்கடி குற்றவாளிகளாவன சிலவே. இறைச்சி, கோழி, முட்டை ஆகியவற்றின் வழியே வரும் சல்மொனெல்லா பொதுவாக 6 மணித்தியாலம் முதல் சில நாட்களுக்குள் காய்ச்சலையும் வயிற்றோட்டத்தையும் ஏற்படுத்தும். சமைப்பவரின் கைப்புண், மூக்கு ஆகியவற்றிலிருந்து உணவில் சேரும் ஸ்டபிலோகொக்கஸ் ஒரு நச்சைச் சுரந்து விடும். உண்ட சில மணித்தியாலங்களிலேயே வாந்தி தொடங்கும். சோற்றில் வளரும் பசிலஸ் சீரியஸும் இவ்வாறே விரைந்த வாந்தியைத் தரவல்லது. முந்தைய நாள் சோற்றை வெளியில் வைத்து மறுநாள் ‘பிரைட் ரைஸ்’ ஆக்கும் உணவகங்களுக்கு இக்கிருமி பழைய விருந்தாளி.

பெருங்கிடாரத்து இறைச்சிக் கறிக்கு உரிய கிருமி குளொஸ்றீடியம் பேர்பிரிஞ்சன்ஸ் ஆகும். இதன் வித்திகள் கொதியிலும் மடிவதில்லை. கறி கிடாரத்திலேயே மெல்ல மெல்ல ஆறும்போது அவை முளைத்துப் பெருகுகின்றன. 43 முதல் 45 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இக்கிருமி ஏறத்தாழ 10 நிமிடத்திற்கு ஒரு முறை இரட்டிக்க வல்லது. இரவிலே சமைத்து மறுநாள் நண்பகலில் பரிமாறும் வழக்கம் எவ்வளவு ஆபத்தானது என்பதை இதிலிருந்தே உணரலாம்.

கடலோர மக்களான எமக்கு இன்னொரு எதிரியும் உண்டு. சூரை போன்ற மீன்களை ஐஸ் இன்றி வைத்திருக்கும்போது பக்றீரியாக்கள் மீனின் தசையிலுள்ள ஹிஸ்டிடின் என்ற பொருளை ஹிஸ்டமினாக மாற்றுகின்றன. முகம் சிவத்தல், தலைவலி, உடல் அரிப்பு ஆகியன உண்ட சிறிது நேரத்திலேயே தோன்றும். மீனைப் பின்னர் எவ்வளவு சமைத்தாலும் ஹிஸ்டமின் அழிவதில்லை.

நோய் தொடங்கிய நேரமே ஒரு முதற் துப்பு. எப்போது உண்டார்கள், எத்தனை மணித்தியாலத்தின் பின் எது முதலில் வந்தது, எதை உண்ணாதவர் தப்பினர் என்று விசாரிக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், ஆய்வுகூடத்தின் துணையின்றியே சந்தேகத்தை ஓரிரு கிருமிகளுக்குள் சுருக்கிவிட முடியும். எந்தப் பரிசோதனையைக் கோர வேண்டும் என்பதை இந்த விசாரணையே தீர்மானிக்கின்றது.

பழைய முறை ஏன் நாட்களை எடுக்கின்றது?

ஜேர்மனியில் ரொபேர்ட் கொக் அவர்களின் உதவியாளராகவிருந்த பெற்றி, 1887 இல் தம் பெயரால் வழங்கும் கண்ணாடிக் கிண்ணத்தை அறிமுகப்படுத்தினார். இன்றும் உணவு நுண்ணுயிரியலின் இறுதித் தீர்ப்பு அக்கிண்ணத்தில்தான் எழுதப்படுகின்றது. சல்மொனெல்லாவை எடுத்துக்கொண்டால், 25 கிராம் உணவில் ஒரு கிருமி கூட இருக்கலாகாது என்பதே பொதுவான நியமம். அந்த ஒன்றைத் தேடிப் பிடிப்பதற்கு, உணவை முதலில் ஊட்டக் கரைசலிலிட்டு ஏறத்தாழ ஒரு நாள் வளர்க்க வேண்டும். பின்னர் ஏனைய கிருமிகளை அடக்கும் கரைசலில் இன்னொரு நாள், ஏகார் கிண்ணத்தில் மேலும் ஓரிரு நாள், அதன்பின் உறுதிப்படுத்தும் சோதனைகள் என, முழுமையான முடிவுக்கு 4 முதல் 6 நாட்கள் செல்லும். இது அலுவலர்களின் சோம்பலினால் வரும் தாமதமன்று. உயிரொன்று வளர எடுக்கும் காலம்.

இதனுடன் தூரமும் சேர்கின்றது. எமது வைத்தியசாலைகளின் ஆய்வுகூடங்கள் நோயாளரின் மாதிரிகளுக்கென அமைந்தவை. உணவு மாதிரிகள் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவகம் போன்ற தலைநகர் நிறுவனங்களையே பெரிதும் நாடிச் செல்கின்றன. கல்முனையிலிருந்து கொழும்பு முந்நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட தொலைவில் உள்ளது. அவ்வளவு தூரமும் மாதிரியைக் குளிரிலே வைத்துக் கொண்டுசெல்லத் தவறினால், வழியிலேயே கிருமிகள் பெருகிவிடும் அல்லது மடிந்துவிடும். பின்னர் வரும் முடிவு கிடாரத்தைப் பற்றியதா, பயணத்தைப் பற்றியதா என்று சொல்ல முடியாது.

விரைவுப் பரிசோதனைகள்

விரைவுப் பரிசோதனை என்ற பெயரின் கீழ் பல வகைகள் உள்ளன. அவை யாவும் ஒரே கேள்விக்கு விடை தருவனவல்ல.

முதலாவது, துப்புரவை அளக்கும் முறை. மின்மினிப் பூச்சியின் ஒளிக்குக் காரணமான நொதியத்தைக் கொண்டு, உயிர்க் கலங்களிலும் உணவு எச்சங்களிலும் இருக்கும் ஏ.ரி.பி. என்ற பொருளை இம்முறை அளக்கின்றது. வெட்டும் பலகையையோ பாத்திரத்தையோ ஒரு பஞ்சுக் குச்சியால் துடைத்து, கையடக்கக் கருவியிலிட்டால் ஒரு நிமிடத்திற்குள் எண் தெரியும். எண் உயர்ந்திருந்தால் கழுவியது போதவில்லை என்று பொருள். ஆனால் அந்த அழுக்கில் சல்மொனெல்லா உண்டா என்று இக்கருவி கூறாது. உணவகத்தைச் சோதிக்கும் அலுவலருக்கும் முதலாளிக்கும் இது கண்ணெதிரே காட்டும் நல்ல ஆசான். நோய்க்கிருமியைப் பிடிக்கும் பொறியன்று.

இரண்டாவது, வளர்ப்பு முறையையே இலகுவாக்கிய தயார்நிலைத் தகடுகள். 1984 இல் அமெரிக்காவின் த்ரீ எம் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த பெற்றிபிலிம் இவ்வகையைச் சேர்ந்தது. உலர்ந்த ஊட்டப்பொருள் பூசிய மெல்லிய தாளில் 1 மில்லிலீற்றர் மாதிரியை ஊற்றி வெப்பப்பெட்டியில் வைத்தால், கொலிபோம்களையும் ஈ.கோலியையும் 24 முதல் 48 மணித்தியாலத்தில் நிறப் புள்ளிகளாக எண்ணலாம். ஊடகம் காய்ச்சும் வேலையோ பெரிய ஆய்வுகூடமோ தேவையில்லை.

நீருக்கும் இத்தகைய எளிய முறையொன்று உண்டு. மலக் கலப்பைக் காட்டும் ஐதரசன் சல்பைட்டுப் போத்தல் சோதனையை இந்திய ஆய்வாளர்கள் 1982 இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் சஞ்சிகையில் விவரித்தனர். போத்தலிலுள்ள தாள் நீருடன் சேர்ந்து ஓரிரு நாளில் கறுத்தால் அந்நீர் சந்தேகத்திற்குரியது. மணற்பாங்கான எமது கரையோரத்தில் கிணறும் மலசலகூடக் குழியும் நெருங்கியிருக்கும் வளவுகள் பல. சமையலுக்கான நீர் அக்கிணற்றிலிருந்தே எடுக்கப்படுமாயின் இச்சோதனையின் பயன் பெரிது.

மூன்றாவது, பிறபொருளெதிரிகளைக் கொண்ட முறைகள். 1971 இல் சுவீடனில் உருவான எலைசா முறையும், பின்னர் வந்த பட்டிச் சோதனைகளும் இதில் அடங்கும். கொவிட் காலத்தில் மூக்கிலிருந்து எடுத்த மாதிரியை ஒரு சிறு தகட்டில் இட்டு, இரு கோடுகள் தெரிகின்றனவா என்று பார்த்த அன்டிஜன் சோதனையை எமது மக்கள் நன்கறிவர். உணவுக் கிருமிகளுக்கான பட்டியும் அவ்வாறே 10 முதல் 20 நிமிடங்களில் கோட்டைக் காட்டும். ஆனால் கோடு தோன்றுவதற்கு மில்லிலீற்றருக்கு இலட்சக்கணக்கான கிருமிகள் வேண்டும். எனவே உணவை முதலில் ஊட்டக் கரைசலில் 8 முதல் 24 மணித்தியாலம் வரை வளர்த்த பின்னரே பட்டியை நனைக்க வேண்டும். இருபது நிமிடச் சோதனை என்று விற்பவர் இந்த முந்தைய நாளைச் சொல்லாமல் விடுவதுண்டு.

நான்காவது, மரபணுவைத் தேடும் முறைகள். 1983 இல் கரி மலிஸ் கண்டறிந்து, 1993 இல் நோபல் பரிசு பெற்றுத்தந்த பி.சி.ஆர். முறை, கிருமியின் டி.என்.ஏ.யின் குறிப்பிட்ட பகுதியைக் கோடிக்கணக்கில் பெருக்கிக் காட்டுகின்றது. இங்கும் முதலில் சில மணித்தியால வளர்ப்பு தேவை. ஆயினும் மறுநாளே முடிவு கிடைத்துவிடும். 2000 ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ‘லாம்ப்’ முறை இதனையும் இலகுவாக்கியது. வெப்பத்தை ஏற்றி இறக்கும் விலையுயர்ந்த இயந்திரமின்றி, 60 முதல் 65 பாகை செல்சியஸ் வரையான ஒரே வெப்பத்தில், ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்தில் இது முடிவு தருகின்றது. வசதி குறைந்த பிராந்தியங்களுக்கு இம்முறை மிகவும் பொருத்தமானது.

விரைவின் எல்லைகள்

இம்முறைகளின் குறைகளை மறைப்பது நேர்மையன்று. பி.சி.ஆர். முறை உயிருள்ள கிருமியையும் இறந்த கிருமியையும் வேறுபடுத்தாது காட்டிவிடலாம். மசாலாவும் கொழுப்பும் நிறைந்த உணவு, சோதனையின் இரசாயனங்களைத் தடுத்துப் பொய்யான நற்செய்தியைத் தரலாம். ஸ்டபிலோகொக்கஸ் விடயத்தில் உணவை மீண்டும் சூடாக்கியதால் கிருமி இறந்திருக்கும். வெப்பத்தைத் தாங்கும் அதன் நச்சோ எஞ்சியிருக்கும். கிருமி இல்லை என்ற முடிவு அங்கே உணவு நல்லது என்பதற்குச் சான்றாகாது. நச்சையே தேடும் சோதனை வேறாகச் செய்யப்பட வேண்டும். அன்றியும், ஒரு பெருங்கிடாரத்திலிருந்து எடுத்த 25 கிராம், கிடாரம் முழுவதற்கும் சாட்சி சொல்லுமென நம்பிவிடவும் முடியாது.

அவசரத் தீர்ப்பு எவ்வளவு தீங்கானது என்பதற்கு ஜேர்மனி ஓர் எடுத்துக்காட்டு. 2011 மே மாதத்தில் அங்கு ஒருவகை ஈ.கோலி பரவி ஏறத்தாழ 4 ஆயிரம் பேரை நோயாளிகளாக்கியது. 50 பேருக்கு மேல் மரணித்தனர். ஸ்பெயினிலிருந்து வந்த வெள்ளரிக்காயே காரணமென ஹம்பேர்க் அதிகாரிகள் முதலில் அறிவித்தனர். வெள்ளரியில் இருந்தது வேறு வகைக் கிருமி என்பது சில நாட்களில் தெளிவாகியது. வெந்தய விதையிலிருந்து பெற்ற முளைகளே உண்மையான காரணமெனப் பின்னர் அறியப்பட்டது. அதற்குள் ஸ்பானிய விவசாயிகள் பெருநட்டமடைந்து விட்டனர். விரைவுப் பரிசோதனை என்பது சந்தேகத்தை எழுப்பும் முதற்படி. உறுதிப்படுத்தும் இரண்டாம்படியின்றி ஒருவரது பெயரை ஊரறியச் சொல்வது அநீதியாகும்.

வதந்திக்கு முன்னே விடை

எனினும் விடை தாமதிப்பதன் ஆபத்து, அவசரத்தின் ஆபத்திற்குக் குறைந்ததன்று. இதனை அம்பாறை மாவட்டமே அனுபவித்து அறிந்துள்ளது. 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறை நகரில் முஸ்லிம் உணவகமொன்றின் உணவில் கருத்தடை மாத்திரை கலக்கப்பட்டதென ஒரு வதந்தி கிளம்பியது. அவ்விரவே கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. உணவிலிருந்த அப்பொருள் மாவுக்கட்டியே என்பதை அரச இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களத்தின் பரிசோதனை பின்னர் வெளிப்படுத்தியது. அம்முடிவு பொதுமக்களைச் சென்றடைவதற்குள் கண்டி மாவட்டத்திலும் வன்செயல்கள் வெடித்திருந்தன.

அது கிருமி பற்றிய விவகாரமன்று. வெறுப்பைப் பரப்பியவர்களை ஆய்வுகூட அறிக்கையொன்று மட்டுமே தடுத்திருக்கும் என்றும் நாம் கூறவில்லை. ஆனால் உணவைப் பற்றிய ஐயம் எழும்போது, நம்பத்தகுந்த ஒரு நிறுவனம் அருகிலிருந்து விரைந்து பேசாதவிடத்து, அந்த வெற்றிடத்தை வதந்தியே நிரப்புகின்றது. தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர் கடையில் மற்றவர் உண்டு வாழும் கல்முனை போன்ற நகரங்களில், உணவுப் பரிசோதனை சுகாதாரத்தைப் போலவே சமூக நம்பிக்கையையும் காக்கும் காவலாகும்.

செய்யத்தக்கவை

1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் மாதிரி எடுக்கும் அதிகாரம் அங்கீகரிக்கப்பட்ட அலுவலர்களுக்கும், அறிக்கை வழங்கும் அதிகாரம் அங்கீகரிக்கப்பட்ட பகுப்பாய்வாளருக்கும் உரியது. ஆகவே விரைவுப் பரிசோதனை நீதிமன்றத்திற்குரிய அறிக்கையின் இடத்தைப் பிடிக்க வேண்டியதில்லை. பிராந்திய மட்டத்தில் முதற்கட்டச் சல்லடையாக அது அமைந்தால் போதும். சந்தேகத்திற்குரியவை மட்டும் உரிய முறையில் மேலதிக ஆய்விற்குச் செல்லலாம். இதற்கிடையில் எஞ்சிய உணவை விலக்குவதா, கிணற்றை மூடுவதா என்ற தீர்மானத்தைச் சுகாதார வைத்திய அதிகாரி மறுநாளே எடுக்கலாம்.

இதற்குப் பெருநிதி வேண்டுமென்று நாம் கருதவில்லை. கொவிட் காலத்தில் நாட்டின் பல பகுதிகளிலும் பி.சி.ஆர். இயந்திரங்கள் நிறுவப்பட்டன, அவற்றை இயக்கும் பயிற்சியும் வளர்ந்தது. உணவுக்குரிய இரசாயனங்களும் மேலதிகப் பயிற்சியும் கிடைப்பின் அவ்வசதிகளை இப்பணிக்கும் திருப்ப முடியும். ஒலுவிலைத் தளமாகக் கொண்ட தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில் இயங்கி வருகின்றது. கல்முனைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனையும் உள்ளூராட்சி மன்றங்களும் அப்பல்கலைக்கழகத்துடன் கைகோர்த்தால், மாணவருக்கு ஆய்வுக் களமும் மக்களுக்குப் பாதுகாப்பும் ஒருங்கே கிட்டும். இந்தியாவில் உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை நடமாடும் ஆய்வுகூட வாகனங்களை மாநிலங்களுக்கு வழங்கியுள்ளது. கல்முனைக்கும் பொத்துவிலுக்கும் இடையே ஓடும் அத்தகைய ஒரு வாகனம், சுற்றுலாப் பயணிகள் குவியும் அறுகம்குடாவிற்கும் பயன் தரும்.

மக்கள் பக்கத்திலும் கடமை உண்டு. ஜப்பானின் சகாய் நகரில் 1996 இல் பாடசாலை உணவினால் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் நோயுற்றனர். அதன்பின் அங்கு வகுக்கப்பட்ட விதிகளின்படி, பெருஞ்சமையற்கூடங்கள் ஒவ்வோர் உணவிலும் 50 கிராமை உறைகுளிரில் இரு வாரங்கள் பேணி வைக்கின்றன. எமது பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைகளும் ஆலய பரிபாலன சபைகளும் திருமண மண்டபங்களும் இதனைப் பின்பற்றுவது கடினமன்று. பரிமாறும் முன் ஒவ்வொரு கறியிலும் சோற்றிலும் ஒரு சிறு பங்கைச் சுத்தமான மூடிய பாத்திரத்திலிட்டு, பெயரும் நேரமும் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் சில நாட்கள் வைத்தாலே போதும். அனைத்தும் உண்டு தீர்ந்து கிடாரமும் கழுவப்பட்ட பின்னர் வரும் அலுவலருக்கு எந்த நவீன கருவியும் உதவப்போவதில்லை. அந்தச் சிறு பங்கு குற்றமற்ற சமையற்காரரையும் காப்பாற்றும்.

இவையனைத்திற்கும் முந்தியது ஒரு மலிவான வெப்பமானி. 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பமே கிருமிகளின் விளைநிலம். 20 நிமிடத்திற்கு ஒரு முறை இரட்டிக்கும் ஒரேயொரு கிருமி, 8 மணித்தியாலத்தில் ஒரு கோடியே அறுபத்தேழு இலட்சத்தைத் தாண்டிவிடும். சமைத்ததைச் சூடு ஆறாமல் பரிமாறுவதும், மிஞ்சியதை ஆழமற்ற தட்டுகளில் பரப்பி விரைந்து குளிர்விப்பதும், புண்ணுள்ள கையைச் சமையலிலிருந்து விலக்குவதும் எந்தப் பரிசோதனையிலும் மேலானவை. ஹலால் என்பதுடன் தூய்மை என்பதையும் இணைத்தே இஸ்லாம் வலியுறுத்துகின்றது. அன்னதானத்தின் புண்ணியமும் உண்டவர் நலமுடன் வீடு திரும்புவதில்தான் நிறைவடைகின்றது.

பரிசோதனை ஒருபோதும் கெட்ட உணவை நல்லதாக்காது. ஆனால் விரைந்து கிடைக்கும் விடை, இரண்டாவது வீட்டிற்கு நோய் செல்வதைத் தடுக்கும். குற்றமற்றவர் மீது பழி விழுவதைத் தவிர்க்கும். வாங்காமத்தின் துயரம் இன்னொரு முறை நேர்ந்த பின்னர் விழித்துக்கொள்வதில் பயனில்லை. கரையோரத்திற்கென ஓர் உணவு நுண்ணுயிரியல் பரிசோதனை வசதியை ஏற்படுத்துவது குறித்து மாகாண சுகாதாரத் துறையினரும் மக்கள் பிரதிநிதிகளும் இன, கட்சி பேதமின்றிச் சிந்திப்பார்களாக.